வாலிப, வயோதிக அன்பர்களே!

டி.எச். ரோடில் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து பாருங்கள். டியூஷன் சென்டர், வீடு வாடகைக்கு, கண்ணீர் அஞ்சலி இதற்கெல்லாம் நடுவே ஒரு நோட்டீஸ் கட்டாயம் கண்ணில் படும். 'வாலிப, வயோதிக அன்பர்களே!' என்று ஆரம்பிக்கும். வாலிபத்துக்கும் வயோதிகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் நம் போன்றவர்களை இவர்கள் ஏன் கூப்பிடுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகக் குறை.

இப்போது சுவர் பழசாகிவிட்டது. அதே நோட்டீஸ் செல்போனுக்குள் குடிவந்துவிட்டது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் நடுவில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு, "உங்கள் பிரச்னை எங்களுக்குத் தெரியும்" என்கிறார். நமக்கே தெரியாத பிரச்னை!

அப்படி ஒரு விளம்பரத்தில் விழுந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம். ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். வயது 29. பெயர் வேண்டாம், கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால் 'மாப்பிள்ளை' என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சாயங்காலம் வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். ஃபேனைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, குண்டு வைப்பதுபோல மேஜை மேல் வைத்தார்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"டப்பாவைப் பார்த்தப்பவே நெனச்சாச்சு. கேளுங்க தம்பி."

"இதுல போட்டுக்குறாங்களே... அமுக்கரா, பூனைக்காலி, ஜாதிக்கா, இதெல்லாம் எங்க ஆயா சொல்லிக் கேட்டுக்கறேன். இந்த சாலாமிசிரின்னா இன்னாண்ணா? ஏதாவது மிருகமா?"

நியாயமான சந்தேகம். பெயரைக் கேட்டால் ஐம்பதுகளின் தெலுங்கு டப்பிங் படக் கதாநாயகி மாதிரி இருக்கிறது. ஆனால் அது மிருகமும் இல்லை, நடிகையும் இல்லை. ஒரு பூச்செடியின் கிழங்கு. அந்தப் பூ வேறு எதுவும் இல்லை, ஆர்க்கிட்!

"ரிசப்ஷன் மேடைல ஊதா கலர்ல வெச்சிருப்பாங்களே, அதுவா?"

அதன் ஒன்றுவிட்ட அண்ணன். மேடையில் இருப்பது மரத்தில் தொற்றி வளரும் ஜாதி. சாலாமிசிரி தருவது தரையில் முளைக்கும் ஜாதி. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், இமயமலைப் பக்கத்து புல்வெளிகளில் தானாக வளர்வது. அதன் கிழங்கைத் தோண்டி, கழுவி, வெந்நீரிலோ பாலிலோ கொதிக்கவிட்டுக் காயவைத்தால் கல் போல இறுகி, கண்ணாடி போலப் பளபளக்கும். அதைப் பொடி பண்ணினால் சாலாமிசிரி.

பெயருக்கு அர்த்தம் கேட்டார். சொல்லத் தயங்கினேன். கேட்டுத்தான் ஆவேன் என்றார்.

அரபியில் 'ஸஃலப்' என்றால் நரி. 'மிஸ்ர்' என்றால் எகிப்து. ஆக, எகிப்து நரி. ஆனால் அரபியில் முழுப் பெயர் 'நரியின் விதை'. விதை என்றால் முளைக்கிற விதை அல்ல. மற்றது. இந்தச் செடியைப் பிடுங்கினால் அடியில் உருண்டையாக இரண்டு கிழங்குகள் ஜோடியாக இருக்கும். அரபிக்காரர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கிரேக்கர்களும் அதையே நினைத்து 'ஆர்க்கிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் ஆர்க்கிஸ் என்றால் அதேதான். அதிலிருந்துதான் ஆர்க்கிட். அடுத்த தடவை யாராவது ரிசப்ஷனில் "மேடை டெக்கரேஷன் ஃபுல்லா ஆர்க்கிட்" என்று பெருமையாகச் சொன்னால் சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள்.

* * *

உருவத்தைப் பார்த்து மருந்தைத் தீர்மானிப்பது மனித குலத்தின் பழைய வியாதி. மூளை மாதிரி இருக்கிறதா, அக்ரூட் மூளைக்கு நல்லது. சிவப்பாக இருக்கிறதா, பீட்ரூட் ரத்தம். அந்த லாஜிக்கில் இந்தக் கிழங்கு எதற்கு நல்லது என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

கிறிஸ்து பிறப்பதற்கு சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னால் தியோஃபிராஸ்டஸ் என்கிற கிரேக்கர் இதை எழுதியே வைத்துவிட்டார். அரிஸ்டாட்டிலின் சீடர், தாவரவியலின் தகப்பனார். பெரிய கிழங்கை ஆட்டுப்பாலில் கலந்து குடித்தால் வீரியம் கூடும், சின்னக் கிழங்கைச் சாப்பிட்டால் குறையும் என்று அந்தக் காலத்து நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். இருட்டில் கிழங்கு மாறிப்போனால் என்ன ஆவது என்று அந்தக் கால மாப்பிள்ளைகள் எவ்வளவு கவலைப்பட்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

உண்மையில் அந்த இரண்டு கிழங்குக்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை. அது ஒரு பேங்க் விவகாரம். சுருங்கிப்போனது போன வருஷத்துச் சேமிப்பு. அதிலிருந்து எடுத்துத்தான் இந்த வருஷம் இலை, தண்டு, பூ எல்லாம். எடுக்க எடுக்க அது வற்றிப் போகும். பக்கத்தில் கொழுகொழுவென்று இருப்பது இந்த வருஷச் சம்பாத்தியம். அடுத்த வருஷம் செடி முளைப்பதற்கான டெபாசிட்.

வியாபாரி எதைத் தோண்டி எடுப்பார்? கொழுத்ததைத்தான். அதாவது, அடுத்த வருஷத்தை.

"அப்போ செடி?"

அவ்வளவுதான். குளோஸ்.

"வெதை போட்டு வளக்கலாமே?"

இங்கேதான் ஆர்க்கிட் சமாச்சாரம் சுவாரசியமாகிறது. ஆர்க்கிட் விதை என்பது தூசி. ஒரு செடி எத்தனை விதை போடுகிறது என்று சார்லஸ் டார்வின் பொறுமையாகக் கணக்கெடுத்தார். இங்கிலாந்துத் தரை ஆர்க்கிட் ஒன்றில் 1,86,300! எல்லாம் முளைத்தால் அந்த ஒரே செடியின் கொள்ளுப்பேரன்கள் உலகத்தின் நிலப்பரப்பு முழுக்க ஏறக்குறைய பச்சைக் கம்பளம் விரித்துவிடும் என்றும் கணக்குப் போட்டார். ஏன் விரிக்கவில்லை?

காரணம், அந்த விதைக்குள் சாப்பாடு கிடையாது. அவரை விதைக்குள் பருப்பு இருக்கிறது. தேங்காய்க்குள் ஒரு குடும்பத்துக்கே சாப்பாடு இருக்கிறது. ஆர்க்கிட் தன் பிள்ளையை டிபன் பாக்ஸ் இல்லாமல் அனுப்பிவிடும் தாய். மண்ணில் விழுந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட வகைப் பூஞ்சக்காளான் இருந்து, அது உள்ளே புகுந்து, ஊட்டிவிட்டால்தான் உண்டு. இல்லாவிட்டால் தூசி, தூசியாகவே போகும். 1899-ல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் இதைக் கண்டுபிடிக்கும்வரை ஆர்க்கிட் விதையை எப்படி முளைக்க வைப்பது என்பது தோட்டக்காரர்களுக்குப் பெரும் புதிர். 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன், பூஞ்சை இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைக் கூழ் மேல் முளைக்க வைத்துக் காட்டினார். மேடை ஆர்க்கிட்டுகள் மலிவானது அந்த வழியில் வந்த வித்தையால்தான். ஆனால் சாலாமிசிரி தருகிற தரை ஆர்க்கிட்டை அப்படி வயலில் ஏக்கர் கணக்கில் வளர்ப்பது இன்னும் சுலபமாகவில்லை. முளைத்தாலும் பூக்கச் சில வருஷங்கள் ஆகும். சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி காட்டில் தோண்டியதுதான்.

ஒரு கிலோ பொடிக்கு எத்தனை கிழங்கு தெரியுமா? 1,000 முதல் 4,000 வரை. ஒரு கிழங்கு, ஒரு செடி. கிலோ ஒன்றுக்கு ஒரு புல்வெளி காலி.

மாப்பிள்ளை டப்பாவைப் பார்த்தார். "இதுல அவ்ளோ செடியாண்ணா இருக்குது?"

"அது அசலாக இருந்தால்" என்றேன்.

* * *

அசலா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ராசப்பா செட்டித் தெருவுக்குப் போனோம். சென்னையின் நாட்டு மருந்துகள் மூட்டையாக வந்து பொட்டலமாகப் போகிற தெரு. சுக்கு, திப்பிலி, வசம்பு வாசனை எல்லாம் கலந்து, தெருவுக்குள் நுழைந்தாலே பாதி ஜலதோஷம் போய்விடும். ஒரு கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர். சாலாமிசிரி என்றதும் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை உடனே எதிர்க்கடை கடுக்காயில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டினார்.

"கல்யாணமா?" என்றார் பெரியவர்.

"எப்படிங்க தெரியும்?"

"முப்பது வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன் தம்பி. இத வாங்குறவன் எவனும் என் மூஞ்சியப் பாத்ததில்ல."

அவர் காட்டியது இரண்டு ரகம். ஒன்று பூண்டுப் பல் போல. இன்னொன்று குழந்தையின் கை மாதிரி விரல் விரலாக. வடக்கே இதற்கு பஞ்சா என்று பெயர். அது இமயமலையில் 2,500 மீட்டருக்கு மேல் வளரும் ஆர்க்கிட். அங்கே தோண்டித் தோண்டி இப்போது அருகிப்போன செடிகளின் பட்டியலில் இருக்கிறது.

விலையைச் சொன்னார். மாப்பிள்ளை ரிசப்ஷன் பட்ஜெட்டை மனசுக்குள் திருத்தியது முகத்தில் தெரிந்தது. நம் டப்பாவைக் காட்டி, இந்த விலைக்கு எப்படி இவ்வளவு போட முடியும் என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. வியாபார தர்மம்.

அந்தச் சிரிப்புக்கு 100 வருஷத்துக்கு மேல் வயசு. பிரிட்டிஷ் காலத்து மருந்துச் சரக்கு நூல்களிலேயே போலிச் சாலாமிசிரி பற்றி எழுதியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கை இடித்து, கோந்து சேர்த்துப் பிசைந்து, உருட்டிக் காயவைத்தது. பெயரே 'பனாவட்டி'. இந்தியில் செயற்கை என்று பொருள். வெளிப்படையான மோசடி, அந்த மட்டில் யோக்கியம். இன்னொன்று 'பாதுஷா சாலப்'. ராஜாக்களுக்கே உரியது என்று விற்றார்கள். ஆராய்ந்து பார்த்தால் அது ஆர்க்கிட்டே இல்லை, ஆப்கானிஸ்தான் பக்கத்து வெங்காய ஜாதி! எத்தனை பாதுஷாக்கள் வெங்காயத்தை நம்பி அந்தப்புரம் போனார்களோ.

* * *

சரி, அசலிலாவது விஷயம் இருக்கிறதா?

இருக்கிறது. மாவுச்சத்து. கூடவே குளுக்கோமன்னன் என்ற வழவழப்பான நார்ச்சத்து. தண்ணீரை உறிஞ்சி ஜெல்லி மாதிரி உப்பும். ஜப்பான்காரர்கள் நம் சேனைக்கிழங்கின் தம்பி முறையுள்ள கொஞ்ஞாக்கு என்ற கிழங்கிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதும் இதே சரக்குதான். வயிறு நிறையும், தொண்டைக்கு இதம். அதற்கு மேல் சொல்லப்படும் வீரத்துக்கு எலிகளிடம் சோதனை செய்திருக்கிறார்கள். மனிதர்களிடம் உறுதியாக நிரூபித்ததாக இல்லை. நம் ஆபீஸ் எலிகளுக்கு அந்த உதவியே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

வயிறு நிறையும் என்ற குணத்துக்காகவே இது ஒரு காலத்தில் கப்பல் ஏறியது. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நீண்ட கடல் பயணத்தில் சாப்பாடு தீர்ந்துவிட்டால் சாலாமிசிரிப் பொடியையும் காய்ந்த சூப்புக் கட்டியையும் வெந்நீரில் கரைத்தால் ஒரு மாலுமி ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று வைத்தியர்கள் சிபாரிசு செய்தார்கள். ராயபுரம் ஆளுக்கு இது பிடித்தது. "அப்போ ஸ்டோர்ஸ் லிஸ்ட்டுல இருந்திருக்கும்" என்றார், தொழில் பக்தியோடு.

லண்டன் தெருமுனைகளில் 'சலூப்' என்ற பெயரில் சூடாக விற்றார்கள். கூலி ஆட்கள் விடியற்காலையில் வாங்கிக் குடிப்பார்கள். நம் டீக்கடை மாதிரி. பிறகு டீயும் காப்பியும் மலிவாகி, சலூப் காணாமல் போயிற்று. பால்வினை நோய்க்கு மருந்து என்று பேச்சு கிளம்பியதால் நாலு பேர் பார்க்கக் குடிக்க வெட்கப்பட்டார்கள் என்றும் சொல்வார்கள். பூஸ்டை யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் என்ன ஆகும்!

துருக்கியில் மட்டும் இன்றும் விடவில்லை. குளிர்காலத்தில் சூடான பாலில் சாலெப் போட்டு, மேலே பட்டைத்தூள் தூவிக் குடிக்கிறார்கள். கோடையில் ஐஸ்கிரீம். மால்களில் பார்த்திருப்பீர்கள். துருக்கித் தொப்பி போட்ட ஆள் கோனைக் கொடுக்கிற மாதிரி கொடுத்து, நீங்கள் கையை நீட்டியதும் நீளக் கம்பியால் பிடுங்கிக்கொள்வாரே, அந்த ஐஸ்கிரீம். ரப்பர் மாதிரி இழுபட்டு, கம்பியில் ஒட்டிக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் சாலெப். துருக்கியின் மராஷ் ஊரில் கத்தியும் முள்கரண்டியும் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். மலிவுச் சரக்கில் சாலெப்புக்குப் பதில் வேறு பிசின்கள். அதில் ஒன்று நம் கொத்தவரங்காய் விதைப் பிசின். கலப்படம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கொத்தவரங்காய் ஐஸ்கிரீமும் சில ஆர்க்கிட்டுகளுக்கு ஆயுசு.

ஏனென்றால் துருக்கிப் புல்வெளிகள் ஓய்ந்துபோய், அந்த நாடு சாலெப் ஏற்றுமதியையே தடை செய்துவிட்டது. உடனே வியாபாரிகள் பக்கத்து ஈரானுக்குப் போனார்கள். 2013-ல் அங்கே மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் தோண்டப்பட்டதாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதே கதை, வேறு சமையல். ஜாம்பியாவில் ஆர்க்கிட் கிழங்கையும் வேர்க்கடலையையும் இடித்து, வேகவைத்து, கேக் மாதிரி துண்டு போடுகிறார்கள். பெயர் சிக்காண்டா. கிராமத்து ஏழைகளின் சாப்பாடாக இருந்தது நகரத்துக்கு வந்து நாகரிகமாகிவிட, உள்ளூர்க் கிழங்கு தீர்ந்து, பக்கத்து டான்சானியாவிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சக்கணக்கில் போக ஆரம்பித்தது. டான்சானியா 2005-ல் கிட்டுலோ பீடபூமியைத் தேசியப் பூங்காவாக்கியது. சிங்கம், யானைக்காகப் பூங்கா கேள்விப்பட்டிருக்கிறோம். இது பூக்களுக்காக.

பசிக்காகத் தோண்டியபோது செடி தாக்குப்பிடித்தது. ஃபேஷனுக்கும் பயத்துக்கும் தோண்டும்போதுதான் தீர்ந்துபோகிறது.

* * *

"நம்ம ஊர்ல இந்த மாதிரி கெடையாதாண்ணா?"

உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆர்க்கிட் என்றால் ஊட்டி, ஏற்காடு என்று நினைக்கிறோம். சோழமண்டலக் கரையின் மணலிலும் செம்மண்ணிலும் பாலை, காசா, காரை, சூரை என்று முள்ளும் புதருமாக ஒரு காடு இருந்தது. தாவர நூல்கள் உலர் பசுமைக் காடு என்கின்றன. அந்தப் புதர் நிழலில் யூலோஃபியா என்ற தரை ஆர்க்கிட் வளரும். வருஷத்தில் பாதி நாள் இலை கிலை இல்லாமல் கிழங்காகப் பதுங்கியிருக்கும். காலம் வந்தால் நீளமாக ஒரு தண்டு. அதில் பச்சையும் மஞ்சளுமாக, ஊதாக் கோடு போட்ட சின்னப் பூக்கள். மேடை அலங்காரத்துக்கு ஆகாது. குனிந்து பார்க்கிறவனுக்கு மட்டும் அழகு.

1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்ற வைத்தியர், லின்னேயஸின் மாணவர், குனிந்து பார்த்தார். பிறகு ஆற்காடு நவாபிடமும் கும்பெனியிடமும் வேலை பார்த்தவர். 1785-ல் இறந்துபோனார். அவர் குறிப்புகளிலிருந்து இந்தச் செடி 1791-ல் அச்சேறியது. 1776-ல் சென்னைக்கு உதவி சர்ஜனாக வந்த வில்லியம் ராக்ஸ்பர்க், நம்மூர் ஓவியர்களை வைத்து வரைந்து வெளியிட்ட கோரமண்டல் கரைத் தாவரங்கள் என்ற பெரிய புத்தகத்திலும் இதற்கு இடம் கொடுத்தார். இதே யூலோஃபியாக் குடும்பத்தின் சில கிழங்குகள் வடக்கே சாலாமிசிரி என்றே விலைபோகின்றன. மகாராஷ்டிரப் பழங்குடி மக்கள் சிலவற்றை 'அமர்கந்த்' என்கிறார்கள். சாகாக் கிழங்கு!

சாகாக் கிழங்கு. ஆனால் காடு செத்துவிட்டதே. எண்ணூர் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனல் மின் நிலையம் 1970-ல் வந்தது, 2017-ல் மூடினார்கள். 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-ல் துறைமுகம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல். மிச்ச மணலில் சவுக்கு. நமக்குக் கரண்ட் வேண்டும், நிலக்கரி வேண்டும், மாப்பிள்ளைக்குக் கன்டெய்னர் வந்தால்தான் சம்பளம். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இதை எழுதும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் புதர்க்காடு எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால், பழவேற்காடு ஏரிக்கு அந்தண்டை ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்காகப் போட்ட வேலிக்குள் பெரிதாக மிச்சம் இருக்கிறது. செடியைக் காப்பாற்ற நாம் கண்டுபிடித்திருக்கும் சிறந்த வழி, பக்கத்தில் ராக்கெட் விடுவது.

இதன் தம்பி ஒருவர் கதை வேறு. யூலோஃபியா கிராமினியா என்று பெயர். இந்தியா முதல் சிங்கப்பூர் வரை சொந்த ஊர். 2007-ல் பார்த்தால் அமெரிக்காவின் மயாமியில் தோட்டங்களுக்குப் போடும் மரத்தூளில் முளைத்து நிற்கிறார்! இப்போது ஃபுளோரிடாவில் களை என்கிறார்கள். நம் பையன்கள் கான்சுலேட் வாசலில் வரிசையில் நிற்க, இவர் விசா இல்லாமல் செட்டில் ஆகிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்பாதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருக்கிறது. 1976-லிருந்து இந்தியாவும் அதில் உறுப்பினர். தவிர, எந்தக் கிழங்கு எதுவென்று தெரியாமல் தின்றால் மாப்பிள்ளை மணமேடைக்குப் பதில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவார்.

* * *

இவ்வளவும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் கரெக்டுண்ணா. ஆனா இந்த டப்பா ரெண்டு நாள் வேலை செஞ்சுது."

இங்கேதான் எனக்கு வயிற்றில் கலக்கியது. உருளைக்கிழங்கு மாவு இரண்டு நாளில் வேலை செய்யாது. சாலாமிசிரியும் செய்யாது. செய்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கலாம். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகராவின் சரக்கு சில்டெனஃபில். 'முழுக்க மூலிகை' என்று லேபிள் ஒட்டி, உள்ளே இதைக் கலந்து விற்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்திருக்கிறது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் அது மருந்து. என்ன அளவு என்று தெரியாமல் லேகியத்தில் வந்தால் விபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிற வயோதிக அன்பர் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து, ஆளும் விழலாம்.

இந்த மாதிரி விளம்பரத்தையே தடுக்க 1954-லேயே சட்டம் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம். பெயரைப் படித்து முடிப்பதற்குள் விளம்பரதாரர் அடுத்த சுவருக்குப் போய்விடுகிறார்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் வாலிப அன்பர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் சிக்கல் என்று வந்தால் பலருக்குக் காரணம் மனசு: பயம், தூக்கமின்மை, ராத்திரி ஷிஃப்ட். மிச்சப் பேருக்கு அது உடம்பு அடிக்கும் முதல் மணி. ரத்தக் குழாய் கெட ஆரம்பித்தால் முதலில் சின்னக் குழாயில்தான் தெரியும். சர்க்கரையும் இதய நோயும் இப்படித் தலைகாட்டுவது உண்டு. மணி அடிக்கும்போது மணியின் நாக்கைப் பஞ்சால் கட்டுவதுதான் அந்த டப்பா.

"ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணுங்க தம்பி."

"அய்ய, எனக்கா? இருபத்தொம்போதுண்ணா எனக்கு!"

நாலு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை 186. மறுபடி எடுத்தார்கள். 190.

டாக்டர் திட்டவில்லை. டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு மாத்திரை எழுதினார். ஆபீஸ் கேன்டீன் பரோட்டாவையும் ஒரு நாளைக்கு எட்டு டீயையும் அடித்தார். காலையில் கடற்கரைப் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கூடப் பெரிய கவலை இல்லை. "பொண்ணு வூட்ல சொல்லணுமாண்ணா?" என்பதுதான் கவலை.

சொல்லத்தான் வேண்டும் என்றேன். ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. பிறகு அவரே வந்தார். திருவொற்றியூர் கோயிலுக்கு வரச் சொல்லி, பெண்ணிடமே நேராகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "எங்க அப்பாவுக்கும் பதினஞ்சு வருஷமா இருக்கு. எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு டபராதான். நீங்க சொன்னீங்க பாருங்க, அது போதும்" என்றாளாம். எந்த லேகியமும் தராத தெம்பு அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தில் இருந்தது.

ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். தண்டையார்பேட்டையில் மண்டபம். மேடை பூரா ஊதா ஆர்க்கிட். மாப்பிள்ளை நாலு கிலோ இளைத்து, கோட்டு கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. போட்டோவுக்கு நிற்கும்போது என் காதில் குனிந்து கேட்டார்:

"அண்ணா, இது எந்த நரியோடது?"

மணப்பெண் "என்ன, என்ன?" என்றாள். அவரையே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். பந்தியில் வெனிலா ஐஸ்கிரீம் வைத்தார்கள். வெனிலா என்பதும் ஒரு ஆர்க்கிட்தான், அதன் காய். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைப் பையன் அந்தப் பூவை ஒரு குச்சியால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தான். உலகம் முழுக்க அதை வைத்துப் பணம் பண்ணியது, அவன் ஏழையாகவே செத்துப்போனான். அது இன்னொரு வாரம்.

மாப்பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வந்தது. பெண் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.